முழங்கைக்குள் ஒரு நார்

ரிங்கு சிங், உத்தரப் பிரதேசத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் மகன். ஈட்டி எறிவதில் கெட்டிக்காரர். 19 வயது வரை பேஸ்பால் பந்தைத் தொட்டதில்லை. 2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பந்தை எறிந்து, ஆயிரக்கணக்கானவர்களை முந்தினார். அதே ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரையும் தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014-ல் இது திரைப்படமாகவும் வந்தது.

படம் முடிகிற இடத்தில்தான் ஏணி தொடங்குகிறது. ஒப்பந்தம் ஆனதும் அநேகமாக யாரும் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடிவிட முடியாது. ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மைனர் லீக்கின் படிகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ரிங்கு ஏறியது ரிலீஃப் பிட்சராக. பந்தை எறிபவர்தான் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களைத்துப்போகும்போதோ, எதிரணி அவருடைய பந்துகளுக்குப் பழகிவிடும்போதோ இடையில் வந்து எறிபவர்தான் ரிலீஃப் பிட்சர். எப்போது அழைப்பு வரும் என்று அவருக்கே தெரியாது.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் என்ன வித்தியாசம்? பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் 18.44 மீட்டர். 140 கிலோமீட்டர் வேகப் பந்தைவிட 150 கிலோமீட்டர் வேகப் பந்து ஏறத்தாழ 0.03 விநாடி முன்னதாக வந்துசேரும். அந்த இம்மியளவு நேரத்துக்காகத்தான் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் கையை வருத்துகிறார்கள்.

கை எப்படி வருந்துகிறது என்பது இன்னும் வியப்பு. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. பந்துவீச்சாளர் முரளிதரனின் கையை வைத்து நடந்த வாதங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். பிட்சருக்கு அந்தத் தடை இல்லை. கையை மடக்கிப் பின்னால் சாய்த்து, சவுக்குபோல் விசிறுகிறார். அந்த நொடியில் மேற்கை தோள்மூட்டில் சுழலும் வேகம் விநாடிக்கு 7,000 பாகை அளவுக்குப் போகிறது. வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுவதைப்போல மூன்று மடங்கு!

இந்த விசிறலில் முழங்கை பிளந்துபோகாமல் உட்புறத்தில் இழுத்துப் பிடித்திருப்பது சிறிய தசைநார் ஒன்று. இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது அது சுமார் 32 நியூட்டன் மீட்டர் திருகுவிசையில் அறுந்தது. வேகப்பந்து எறியும்போது முழங்கை தாங்குவதோ சுமார் 64. மீதியைச் சுற்றியுள்ள தசைகள் ஏற்றுக்கொள்வதால்தான் நார் பிழைக்கிறது. தசை களைத்தால் சுமை முழுவதும் நாரின் தலையில் விழும். இந்தக் காயத்தை மருத்துவ உலகம் முதலில் பதிவுசெய்தது 1946-ல், ஈட்டி எறிபவர்களிடம்தான்.

அறுந்தால் பிட்சரின் வாழ்க்கை அதோடு முடிந்தது என்றிருந்த நிலையை 1974-ல் மாற்றியவர் டாக்டர் ஃபிராங்க் ஜோப். உங்கள் கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறுபோல் ஒன்று புடைத்து எழும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் குறையும் இல்லை. அந்தத் தசைநாணை டாமி ஜான் என்ற பிட்சரின் ஒரு கையிலிருந்து எடுத்து, மறு கையின் முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்தார் ஜோப். டாமி ஜான் 1976-ல் மீண்டும் களமிறங்கி 1989 வரை எறிந்தார்.

ரிங்குவோடு சேர்ந்த தினேஷை 2010-லேயே அணி விடுவித்தது; அவர் ஊர் திரும்பினார். ரிங்கு விடவில்லை. 2012-ல் வெஸ்ட் வர்ஜீனியாவில், ஏ நிலை அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார். இன்னிங்ஸுக்குப் பதினைந்து பந்து என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல். ஈட்டி எறிபவருக்கு ஒரு போட்டியில் கிடைப்பது ஆறே வாய்ப்புகள். அடுத்த ஆண்டு முதல் காயங்கள் அவரை எழவிடவில்லை. ஏ நிலையோடு அவருடைய ஏற்றம் நின்றது.

இதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 19 வயதில் முதன்முதலாக அந்தப் பந்தைத் தொட்டவர், சிறுவயது முதலே அதை எறிந்து வளர்ந்தவர்களுக்கு நடுவே நான்கே ஆண்டுகளில் அந்தப் படிக்கு ஏறியது பெரிய சாதனை.