கைக்குள் கணினி – 17: உள்ளங்கைக்கு ஒரு சேதி

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பொழுது சத்தத்தோடுதான் விடியும். பாத்திரப் பட்டறைத் தெருவில் பித்தளைக் குடத்தின் மேல் சுத்தியல் விழும் ஓசை ஒரு வாசலில் ஓய்ந்தால் அடுத்த வாசலில் தொடங்கிவிடும். கொஞ்சம் தள்ளிப் போனால் பனியன் கம்பெனிகள்; பவர்டேபிளில் வரிசையாக ஓவர்லாக் தையல் மெஷின்கள். இரண்டு இடத்திலும் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் எவ்வளவு அலறினாலும் காதில் விழாது. துடித்தால்தான் தெரியும்.

செயலி எழுதுபவர்களோ பெரும்பாலும் அமைதியான அறையில், விலை உயர்ந்த போனை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு அதிர்வு என்பது வேலை முடிந்தபின் மேலே தூவும் கொத்தமல்லி. பட்டறையில் நிற்பவருக்கு அதுதான் சேதியே.

போனுக்குள் துடிப்பது எது? விலை குறைந்த போன்களில் ஒரு குட்டி மோட்டார். அதன் அச்சில் ஒருபக்கம் மட்டும் கனமான எடை இருக்கும். சுழலும்போது நிலை தடுமாறி போனையே உலுக்கும். விலை கூடிய போன்களில் சுழற்சி கிடையாது. சுருள்வில்லில் கட்டிய எடை, காந்த விசையால் முன்னும் பின்னும் ஓடும். நினைத்த நொடியில் தொடங்கும், நினைத்த நொடியில் நிற்கும். ஆப்பிள் நிறுவனம் 2015-இல் கைக்கடிகாரத்திலும் ஐபோன் 6எஸ்-இலும் இந்த வகையைப் பொருத்தியது. மறு ஆண்டு வந்த ஐபோன் 7-இல் முகப்புப் பொத்தான் உண்மையில் அமுங்கவே இல்லை. அமுங்கியதாக விரலை நம்பவைத்தது இந்த அதிர்வுதான்.

ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட்டுவதற்கு ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஃப்ளட்டரில் மெல்லிய தட்டல், நடுத்தரம், பலமான தட்டல் என்று தயாராகவே வைத்திருக்கிறார்கள். ஒரு வரி எழுதினால் போதும். சிக்கல் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஐபோனில் மூன்றும் மூன்று விதமாக விரலுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் அதே வரி, விசைப்பலகையைத் தட்டும்போது வருவது போன்ற துடிப்புகளில் ஒன்றைத் தரும்படி போனிடம் கேட்கிறது. போனின் உரிமையாளர் அமைப்புகளில் தொடு அதிர்வை அணைத்திருந்தால் ஒன்றுமே நடக்காது. ரியாக்ட் நேட்டிவின் அடிப்படை அதிர்வு வசதியில் இதற்கு நேர்மாறான சிக்கல்: எத்தனை நேரம் துடிக்க வேண்டும் என்று எழுதினாலும் ஐபோன் அதைப் பொருட்படுத்தாது, தன் வழக்கப்படி சுமார் 400 மில்லிநொடி துடித்துவிட்டு நிற்கும்.

மோட்டார் வகைப் போனில் இன்னொரு சங்கடம். 20 மில்லிநொடித் துடிப்பைக் கேட்டால், மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நகரத்து அலுவலகத்தில் சொடுக்குப் போட்டதுபோல் அழகாக உணர்ந்த தட்டல், பட்டறைக்காரரின் போனில் காணாமலே போய்விடும்.

தோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிர்வை அறிவதற்கென்றே தோலின் ஆழத்தில் பசினியின் நுண்ணுறுப்புகள் உள்ளன. நொடிக்கு 250 துடிப்பு என்ற அளவை ஒட்டி அவை மிகக் கூர்மையாக இருக்கும். விரல் நுனியில் தெரியும் நுட்பம் மார்பிலும் இடுப்பிலும் தெரியாது. போன் இருப்பதோ அங்கேதான். போதாததற்கு, அதிரும் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடித்த கைகளில் இந்த உணர்வு மெல்ல மங்கும் என்பது தொழில் மருத்துவம் அறிந்த உண்மை. அதிர்வுச் சேதி யாருக்கு அதிகம் தேவையோ, அவர் கைக்கே அது குறைவாக எட்டும். செயலி வடிவமைப்பில் இதைவிட முக்கியமான பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதிர்வையே சேதியாக்குவதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட ‘மணி’ செயலி. பார்வையற்றோர் ரூபாய் நோட்டைக் கேமராவின் முன் காட்டினால் அது எத்தனை ரூபாய் நோட்டு என்று குரலில் சொல்லும். கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கு அதிர்வால் சொல்லும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். மடித்த நோட்டையும் அறியும். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

நோட்டிலேயே தொட்டறியும் குறிகள் உண்டு: 100 ரூபாயில் மேடான முக்கோணமும் ஓரத்தில் நான்கு கோடுகளும், 500-இல் வட்டமும் ஐந்து கோடுகளும். கை மாறி மாறித் தேய்ந்த நோட்டில் மேடு மழுங்கிவிடும். சனிக்கிழமை வாரச் சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கும் ஊரில், அந்த மழுங்கல் பார்வையற்ற ஒருவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. ‘மணி’யில் அதிர்வு அலங்காரம் அல்ல, அதுவே விடை.

பனியன் கம்பெனிக்கு இதே நினைப்போடு வந்தால்? செக்கிங் டேபிளில் பண்டல் சீட்டை ஸ்கேன் செய்யும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். சரியாகப் பதிவானால் மெல்லத் துடிக்கட்டும், தவறினால் பலமாகத் துடிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றும். மலிவான மோட்டாரில் மெல்லியதும் பலமானதும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை எண்ணிக்கையில் வைப்பதே நல்லது. சரி என்றால் ஒரு துடிப்பு. தவறு என்றால் கால் நொடி இடைவெளி விட்டு மூன்று துடிப்பு. பலம் தெரியாத கைக்கும் எண்ணிக்கை தெரியும். ஐபோனிலும் இந்தத் தாளத்தை அமைக்க ஃப்ளட்டரின் தட்டலையே இடைவெளி விட்டு மூன்று முறை அழைத்தால் போதும். திரை உருளும்போதும் படம் மாறும்போதும் துடிக்கவிடும் ஆசையை அடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் துடிக்கும் போனை யாரும் கவனிப்பதில்லை.

பிறகு சோதனை. அதை ஓவர்லாக் மெஷின்கள் ஓடும்போதே, பழைய போனில், பையில் போட்டுத்தான் செய்து பார்க்க வேண்டும்.

அதிர்வோடு நில்லாமல், சென்னை ஐஐடியில் பேராசிரியர் மு. மணிவண்ணனின் குழு தொடு உணர்வையே ஆய்ந்து வருகிறது. அங்கிருந்து 2023-இல் அறிவிக்கப்பட்ட ‘ஐடேட்’ தொடுதிரையில் அசையும் பாகம் எதுவும் இல்லை. மின்புலத்தை மென்பொருளால் மாற்றி, வழவழப்பான கண்ணாடியிலேயே விரலுக்குச் சொரசொரப்பையும் வழவழப்பையும் மாறி மாறி உணர்த்துகிறார்கள். இணையத்தில் துணி வாங்குபவர் அதன் நயத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அவர்கள் சொல்லும் பயன்களில் ஒன்று. சாம்பிள் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தே ஆர்டர் பேசும் திருப்பூருக்கு அந்தத் திரை வரும் நாளில், அதைச் சோதிக்கத் தகுந்த விரல்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

(தொடரும்)