விமானச் சிமுலேட்டர் தளம் மாறுதல்

விமானச் சிமுலேட்டர் என்பது விமானம் ஓட்டுவதைக் கணினியில் போலச்செய்து காட்டும் மென்பொருள் ஆகும். விமான நிறுவனங்கள் தம் விமானிகளைப் பயிற்றுவிக்கும் பெரிய இயந்திரங்களும் இதே பெயரால் அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை வீட்டுக் கணினியில் இயங்கும் சிமுலேட்டர்களைப் பற்றியது.

ஒரே சிமுலேட்டரைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தவர், புதிதாக வெளிவந்துள்ள வேறொன்றுக்கு மாறலாமா என்பது இத்துறையில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. திரையில் தெரியும் காட்சியின் அழகை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. மாறுபவர் ஒரு மென்பொருளை மட்டும் விட்டுச் செல்வதில்லை. அதைச் சுற்றிச் சேர்த்த விமானங்கள், விமான நிலையங்கள், கருவி அமைப்புகள், கைப்பழக்கம் ஆகியவற்றிலும் ஒரு பகுதியை விட்டுச் செல்கிறார்.

தளம் என்று ஏன் அழைக்கப்படுகிறது

சிமுலேட்டரை வாங்கும்போது சில விமானங்களும் உலக நிலப்பரப்பும் அதனுடன் வருகின்றன. மேலும் நுட்பமான விமானங்களையும் விமான நிலையங்களையும் வேறு நிறுவனங்களும் தன்னார்வலர்களும் உருவாக்கித் தருகின்றனர். இவை துணைநிரல்கள் எனப்படும். ஒரு பயணிகள் விமானத்தின் மின்சுற்று, எரிபொருள் அமைப்பு, வழிகாட்டும் கணினி ஆகியவற்றை நுணுக்கமாகக் காட்டும் துணைநிரலின் விலை, சில வேளைகளில் சிமுலேட்டரின் விலையையே மிஞ்சிவிடும். இப்படிப் பலவும் ஏறி நிற்க இடம் தருவதால்தான் சிமுலேட்டர் தளம் எனப்படுகிறது.

ஒரு தளத்துக்கென உருவாக்கிய விமானம் மற்றொரு தளத்தில் பொதுவாகப் பறக்காது. பறக்கும் விதத்தைக் கணக்கிடும் முறையே தளத்துக்குத் தளம் வேறுபடுவது இதற்கு முக்கியக் காரணம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் போன்ற பழைய தளங்கள், முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணைகளில் இருந்து ஏற்றுவிசை, இழுவிசை ஆகியவற்றுக்கான எண்களை எடுத்துக் கணக்கிட்டன. எக்ஸ்-பிளேன் வேறு வழியில் செல்கிறது. அது இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுகிறது. முதல் முறைக்கு விமானத்தைப் பற்றிய எண்கள் தேவை. இரண்டாவதற்கு விமானத்தின் வடிவம் தேவை. ஆகவே கோப்பை நகலெடுத்து வைப்பதால் பயன் இல்லை. விமானத்தைப் பெரும்பாலும் புதிதாகவே ஆக்க வேண்டும்.

ஒரு தளம் நின்றுபோன வரலாறு

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-இல் வெளிவந்தது. 2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் மிகப் பரவலாகப் பயன்பட்டது. 2009 சனவரியில் அதை உருவாக்கிய ஏசஸ் பிரிவை மைக்ரோசாஃப்ட் மூடியது. தளத்தின் வளர்ச்சி அங்கேயே நின்றது; ஆனால் துணைநிரல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

அதன் பெரிய குறை 32 பிட் அமைப்பு. 32 பிட் நிரல் ஒன்று 4 கிகாபைட் நினைவிட முகவரிகளுக்கு மேல் கையாள முடியாது. கணினியில் 16 கிகாபைட் நினைவகம் இருந்தாலும் இந்த எல்லை மாறாது. நுட்பமான விமானம், நுட்பமான விமான நிலையம், அடர்ந்த மேகம் மூன்றும் சேரும்போது இடம் நிரம்பி மென்பொருள் நின்றுவிடும். பல மணி நேரம் பறந்தபின், சேரும் விமான நிலையத்தின் காட்சிகள் ஏற்றப்படும் வேளையில், தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது இது நேர்வது வழக்கம். மாற வேண்டும் என்ற எண்ணத்தைப் பலருக்கு ஏற்படுத்தியது இக்குறைதான்.

எங்கே மாறுவது என்பது எளிதாக இருக்கவில்லை. 2012 பிப்ரவரியில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட், பிறருடைய துணைநிரல்களை ஏற்கவில்லை. அதே ஆண்டு சூலையில் அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. டவ்டெயில் கேம்ஸ் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ஃபிளைட் சிம் வேர்ல்டு மறு ஆண்டே கைவிடப்பட்டது. பழைய நிரலின் உரிமத்தைப் பெற்ற லாக்ஹீட் மார்ட்டின் உருவாக்கிய பிரிப்பேர்3டி மட்டும் நிலைத்தது. அதன் நான்காம் பதிப்பு 2017-இல் 64 பிட்டுக்கு மாறி நினைவிடச் சிக்கலைத் தீர்த்தது. ஆயினும் பழைய விமானங்களில் 32 பிட்டுக்கென எழுதப்பட்ட நிரல் பகுதிகளை, அவற்றை ஆக்கியவர்கள் மீண்டும் தொகுத்துத் தர வேண்டியிருந்தது. தராதவை பயனற்றுப் போயின.

இந்த வரலாற்றில் இருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, புதிதாக வரும் எல்லாத் தளமும் நிலைப்பதில்லை. மற்றொன்று, உருவாக்கியவர் கைவிட்ட பின்னும் ஒரு தளம் பத்தாண்டுக்கு மேல் வாழ முடியும். நிரலும் தரவும் பயனரின் வன்தட்டிலேயே இருந்ததும், துணைநிரல்களுக்கு இடம் இருந்ததும் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் நீண்ட காலம் வாழக் காரணங்கள்.

இன்றைய முக்கியத் தளங்கள்

*மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்:* பிரான்சின் அசோபோ ஸ்டூடியோ உருவாக்கிய புதிய தளம் 2020 ஆகத்து மாதம் வந்தது. பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள், வான்வழிப் படங்களில் இருந்து உலகம் கட்டப்படுகிறது. 2 பெட்டாபைட் அளவுள்ள அத்தரவு எந்த வீட்டுக் கணினியிலும் அடங்காது. பறக்கும் இடத்துக்கு ஏற்ப இணையத்தில் இருந்து வந்துகொண்டே இருக்கும். 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு இணையத்தை இன்னும் கூடுதலாகச் சார்ந்தது. அது வெளியான நாளில் வழங்கிகள் கூட்டத்தைத் தாங்காததால், பலர் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

*எக்ஸ்-பிளேன்:* ஆஸ்டின் மேயரின் லாமினார் ரிசர்ச் நிறுவனத்தின் தயாரிப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பன்னிரண்டாம் பதிப்பு 2022-இல் நிறைவுற்றது. நிலக்காட்சியை வன்தட்டில் நிறுவிக்கொள்ளலாம். இலவச முன்னோட்டப் பதிப்பும் உண்டு.

*ஃபிளைட்கியர்:* 1997 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த மூல மென்பொருள். விலை இல்லை. நிரலைப் படித்துப் பார்க்கவும் மாற்றவும் உரிமை உண்டு என்பதால் மாணவர்களுக்கு ஏற்றது.

மாறுவதால் இழப்பவை

வாங்கிய துணைநிரல்களே முதல் இழப்பு. சில நிறுவனங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதிய தளத்தில் விலை குறைத்துத் தருவதுண்டு, எல்லாரும் தருவதில்லை.

அடுத்தது கைப்பழக்கம். ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் எஃப்2 விசை எஞ்சின் விசையைக் குறைக்கும். எக்ஸ்-பிளேனில் அதே விசை அதைக் கூட்டும். தரையிறங்கும் நேரத்தில் பழைய பழக்கத்தில் விரல் சென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விசைகளை விருப்பப்படி மாற்றி அமைக்க முடியும். ஆனால் ஜாய்ஸ்டிக், சுக்கான் மிதி ஆகியவற்றின் உணர்திறனையும் சேர்த்து எல்லாவற்றையும் முதலில் இருந்து அமைக்க வேண்டும்.

இழக்காதவையும் உண்டு. ரேடியோ வழிகாட்டிகளைப் பின்பற்றுதல், கருவிகளைப் பார்த்துத் தரையிறங்குதல், பக்கக் காற்றைச் சமாளித்தல் ஆகியவற்றில் பெற்ற அறிவு எந்தத் தளத்திலும் பயன்படும். ஜாய்ஸ்டிக் போன்ற கருவிகள் பெரும்பாலும் புதிய தளத்திலும் வேலை செய்யும். தன்னார்வலர்கள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகச் செயல்படும் வாட்சிம் இணைய வலையமைப்பில், வெவ்வேறு தளங்களைப் பயன்படுத்துவோர் ஒரே வானில் ஒன்றாகப் பறக்கின்றனர். எனவே தளம் மாறினாலும் அந்தத் தோழமை மாறாது.

பழையதிலேயே இருப்பதன் விலை

மாறாமல் இருப்பதும் செலவற்றது அன்று. 2006-இல் வந்த மென்பொருளின் உலகம் அந்தக் காலத்து உலகம். 2018-இல் திறக்கப்பட்ட இசுதான்புல் புதிய விமான நிலையம் அதில் இல்லை. புவியின் காந்தப்புலம் மெல்ல நகர்வதால் ஓடுபாதைகளின் திசை எண்கள்கூடச் சில இடங்களில் மாறிவிட்டன. வான்வழித் தரவு 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பழைய தளத்தில் அதைத் தனியே வாங்கிச் சேர்த்தாலும், தரையில் உள்ள ஓடுபாதை பழையதாகவே நிற்கும். புதிய துணைநிரல்களும் நாளடைவில் வருவது நின்றுவிடும்.

முடிவெடுக்கும் முறை

எதற்காகப் பறக்கிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டியது. ஊர்களையும் மலைகளையும் பார்த்துக்கொண்டு தாழப் பறக்க விரும்புவோருக்குச் செயற்கைக்கோள் படத்தால் ஆன உலகம் பெரும் ஆதாயம். 30,000 அடி உயரத்தில் மேகத்துக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்டுவோருக்கு அந்த ஆதாயம் குறைவு. அவர்களுக்கு வேண்டியது தாம் நன்கு அறிந்த விமானம் புதிய தளத்திலும் இருப்பது. அது வரும்வரை காத்திருப்பது தவறாகாது.

இரண்டாவது கணினி. புதிய கிராஃபிக்ஸ் அட்டை வாங்க வேண்டியிருந்தால், அதன் விலையையும் மாறும் செலவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது இணையம். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடத்திலும், மாதத்துக்கு இவ்வளவு தரவு என்ற வரம்பு உள்ள வீட்டிலும், வன்தட்டில் தரவை வைத்திருக்கும் தளமே பொருந்தும். வழங்கியை நம்பி இயங்கும் தளம், அந்த வழங்கியை நிறுவனம் நடத்தும் வரையில்தான் முழுமையாக இயங்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு விடை கண்டபின், இலவச முன்னோட்டப் பதிப்பு இருந்தால் முதலில் அதைச் சோதிக்கலாம். ஒரே வகை விமானத்தில், ஒரே விமான நிலையத்தைச் சுற்றி, ஒரே காற்றிலும் மழையிலும் இரு தளங்களிலும் பறந்து பார்ப்பது நல்ல ஒப்பீடு. தெளிந்த வானத்தில் எல்லாத் தளமும் சீராக ஓடும். நெரிசலான விமான நிலையத்தில் மழையில் இறங்கும்போது காட்சி விட்டுவிட்டு அசைகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதியதை நிறுவியவுடன் பழையதை நீக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வன்தட்டில் இடம் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கப் புதியதும், பழகிய பயணிகள் விமானத்துக்குப் பழையதும் எனச் சில மாதங்கள் பயன்படுத்தலாம். அப்படிச் செய்வோர் பலர். அக்காலத்தில் பழையதைத் திறக்கும் தேவை தானாகக் குறைந்துகொண்டே வந்தால், மாற்றம் நிகழ்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். குறையவில்லை எனில், இன்னும் நேரம் வரவில்லை என்றே பொருள்.