ஐந்து நாள் காய்ச்சலும் குழந்தையின் இதயமும்

குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது இயல்பே. பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் சில நாள்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஆனால், ஐந்து நாள்களைக் கடந்தும் நீடிக்கும் காய்ச்சலை அவ்வாறு அலட்சியப்படுத்துவதற்கில்லை. அரிதாக, அது இரத்த நாளங்களில் ஏற்பட்ட அழற்சியின் வெளிப்பாடாக இருக்கக்கூடும்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி, 1961-இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்நோயை முதன்முதலாகக் கண்டார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் பெயரிலேயே 'கவாசாகி நோய்' என வழங்கப்படும் இது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரையே தாக்குகிறது.

இந்நோய்க்கு எந்தவொரு தனி வைரஸும் காரணம் என இதுவரை நிறுவப்படவில்லை. எனினும், சான்றுகள் தொற்றின் பக்கமே சாய்கின்றன. ஜப்பானில் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. 2020-இல் முகக் கவசமும் பள்ளி மூடலும் பிற தொற்றுகளைக் கட்டுப்படுத்தியபோது, அங்கு கவாசாகி நோயும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆண்டு கரோனா கடுமையாகத் தாக்கிய இத்தாலியின் பெர்காமோ நகரில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்குள்ள மருத்துவமனையில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் 19 குழந்தைகளுக்கே கண்டறியப்பட்டிருந்த நிலையில், இரண்டே மாதங்களில் 10 குழந்தைகளுக்கு அதையொத்த நோய் கண்டறியப்பட்டது. தொற்று குறைந்த இடத்தில் நோய் குறைந்தது. பெருகிய இடத்தில் பெருகியது.

மரபுவழியாக எளிதில் பாதிப்புக்குள்ளாகும் குழந்தைகளிடம், கிருமியை எதிர்க்க எழும் நோய் எதிர்ப்பாற்றல் கட்டுமீறி, இரத்த நாளங்களின் சுவரையே தாக்குகிறது என்பது மருத்துவ உலகின் கணிப்பு. இதயத்துக்கு இரத்தம் அளிக்கும் நாளங்களின் சுவர் நலிந்து புடைத்தால், அங்கு இரத்தம் உறைந்து மாரடைப்பு நேரலாம்.

பீளை இல்லாமல் இரு கண்களும் சிவத்தல், உதடு வெடித்தல், நாக்கு செந்நிறமாதல், உடலில் தடிப்புகள், கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. இந்நோயை உறுதிசெய்யத் தனியொரு இரத்தப் பரிசோதனையும் கிடையாது. எனவே, மறைந்துவிட்ட அறிகுறியையும் பெற்றோர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை அளிக்காவிடில் நால்வரில் ஒருவருக்கு இதய நாளங்கள் பாதிக்கப்படலாம். பத்து நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்தினால், இந்த அபாயம் ஏறக்குறைய இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது.

இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்படும் இம்மருந்து விலை மிகுந்தது; உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் தேவைப்படுகிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 20 கிராம் வேண்டும். பணம் திரட்டுவதிலேயே அந்தப் பத்து நாள்கள் கழிந்துவிடலாகாது. ஒருமுறை செய்யும் இச்செலவு, வாழ்நாள் முழுவதும் தொடரும் இதய சிகிச்சையின் சுமையோடு ஒப்பிட்டால் சிறிதே.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் இம்மருந்தும் குழந்தைகளுக்கான எக்கோ பரிசோதனை வசதியும் கட்டணமின்றிக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு, எத்தனையாவது நாள் என்பதையும் பெற்றோர் குறித்துவைக்க வேண்டும்.