நான்கு தோல்விகளை எப்படிப் படிப்பது?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் விற்கும் ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்குப் பக்கத்திலும் சில எண்களும் எழுத்துகளும் அச்சாகியிருக்கும். அது முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எதில் விழுந்தது, எதில் ஜாக்கியே ஓட்டத்தை நிறுத்தினார் என்பதன் சுருக்கம். இதைத்தான் ஃபார்ம் என்கிறார்கள். கிண்டியில் நாம் பார்ப்பது சமதள ஓட்டம். இரண்டு மைலுக்குள் முடிந்துவிடும். ஸ்டீபிள்சேஸ் வேறு ரகம். மூன்று மைல், நான்கு மைல் என்று நீளும். வழியெங்கும் பிர்ச் கிளைகளை நெருக்கிக் கட்டி, நாலரை அடிக்குக் குறையாமல் எழுப்பிய வேலிகள் நிற்கும். இத்தனையும் தாண்டி வரும் குதிரையின் திறமையை ஓர் எண்ணில் அடைக்க முடியாது. எத்தனையாவதாக வந்தது என்பதைவிட ஏன் அப்படி வந்தது, அந்தக் காரணம் அடுத்த முறையும் இருக்குமா என்று கேட்பதுதான் குதிரையை எடைபோடும் வழி. வெற்றியைவிடத் தோல்விதான் இதற்கு அதிகம் உதவும். ஆர்க்கிள் என்ற அயர்லாந்துக் குதிரையின் நான்கு தோல்விகளே இதற்குச் சான்று.

ஆர்க்கிள் ஓடிய ஸ்டீபிள்சேஸ் பந்தயங்கள் 26, வென்றவை 22. முதல் தோல்வி 1963 நவம்பரில், நியூபரி மைதானத்தில் நடந்த ஹென்னெஸி கோல்டு கப்பில். வென்றது, அந்த ஆண்டின் செல்டன்ஹாம் கோல்டு கப்பை ஏற்கெனவே வென்றிருந்த மில் ஹவுஸ். அதைவிட 5 பவுண்டு குறைவாகச் சுமந்தும் ஆர்க்கிள் மூன்றாவதாகத்தான் வந்தது. இரண்டுக்கும் ஒரே வயது. எண்ணை மட்டும் பார்த்தால் விவகாரம் அத்தோடு முடிந்தது. ஆனால், முடிவுக்கோட்டுக்கு மூன்று வேலிகள் இருந்தபோது, பள்ளம் வெட்டிய வேலி ஒன்றைத் தாண்டி இறங்கிய இடத்தில் ஆர்க்கிளுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் வேகம் அறுந்துபோனது. மூன்று மைல் ஓடிக் களைத்த குதிரை அறுந்த வேகத்தை மீண்டும் பிடிக்க, எஞ்சியிருந்த தூரம் போதாது. ஜாக்கி பாட் டாஃப் சொன்ன இந்தக் காரணத்தை இங்கிலாந்தில் பலர் சாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். 1964 மார்ச்சில், செல்டன்ஹாம் கோல்டு கப்பில் இரண்டும் சம எடையோடு மோதியபோதும் மில் ஹவுஸ்தான் ஃபேவரிட். ஆர்க்கிள் ஐந்து லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் வென்றது. மறு ஆண்டு அதே பந்தயத்தில் அந்த வித்தியாசம் இருபது லெங்த்.

இரண்டாவது, மூன்றாவது தோல்விகளுக்குக் காரணம் எடை. ஹேண்டிகேப் பந்தயங்களில், வல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி எல்லாரையும் சமப்படுத்துவார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துக்குக் கீழே ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். மூன்று மைல் ஓட்டத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு லெங்த் என்பது எடைபோடுபவர்களின் கைக்கணக்கு. 1964 டிசம்பரில் ஹென்னெஸியை வென்ற ஒரே வாரத்தில், 12 ஸ்டோன் 10 பவுண்டு சுமந்து செல்டன்ஹாமில் ஆர்க்கிள் மீண்டும் ஓடியது. மூன்றாவதாக வந்தாலும், முதல் குதிரைக்கும் அதற்கும் இடையே ஒரு லெங்த்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான். அந்த முதல் குதிரை சுமந்தது 32 பவுண்டு குறைவு. 1966 ஹென்னெஸியில் ஸ்டால்பிரிட்ஜ் காலனிஸ்ட் என்ற குதிரை அரை லெங்த்தில் ஆர்க்கிளைத் தோற்கடித்தது. அதற்குக் கிடைத்த எடைச் சலுகை 35 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 16 கிலோ. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் இருக்கும் எரிவாயுவைவிட அதிகம். வென்ற குதிரை சாதாரணமானது என்றால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே ஸ்டால்பிரிட்ஜ் காலனிஸ்ட் சில மாதங்கள் கழித்து, 1967 கோல்டு கப்பில் சம எடையில் ஓடி, முக்கால் லெங்த்தில்தான் முதலிடத்தைத் தவறவிட்டது. அந்த ஹென்னெஸியில் மூன்றாவதாக வந்த வாட் எ மித், 1969இல் கோல்டு கப்பையே வென்றது. இப்படி, ஒரு ஓட்டத்தின் மதிப்பு அதில் ஓடிய மற்றக் குதிரைகள் பிறகு என்ன செய்கின்றன என்பதில்தான் உறுதிப்படுகிறது. கைக்கணக்கை நம்பி, சம எடையில் ஆர்க்கிள் முப்பது லெங்த்துக்கு மேல் வென்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டாமிடம் பல வெற்றிகளைவிடப் பெரியது என்று சொல்ல அந்தக் கணக்கு போதும்.

இப்படிப் பார்த்தால் எந்தத் தோல்விக்கும் ஒரு காரணம் கற்பித்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனதுக்குப் பிடித்த குதிரை தோற்றால் தரை ஈரம், ஜாக்கி தூக்கம் என்று அடுக்குபவர்கள் எந்த மைதானத்திலும் உண்டு. சாக்கையும் காரணத்தையும் பிரிக்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, காரணத்தைச் சரிபார்க்க முடிய வேண்டும். எடை அச்சிட்ட எண். தரையின் ஈரம் அறிவிக்கப்பட்ட செய்தி. வழுக்கல் ஒரு குறிப்பிட்ட வேலியில் நடந்த சம்பவம். ‘அன்றைக்கு அதற்கு மனசில்லை’ என்பது இந்த வகையில் சேராது. இரண்டாவது, தோல்விக்குப் போடும் கணக்கை வெற்றிக்கும் போட வேண்டும். எதிரிக்கு என்ன எடை, எதிரி பிறகு என்ன ஆனது, முன்னணியில் இருந்தது எதுவும் விழுந்ததால் வந்த வெற்றியா? இதைக் கேட்காமல் தோல்விக்கு மட்டும் சலுகை தருபவர் குதிரையை எடைபோடவில்லை, அதற்காக வாதாடுகிறார். அதே நியாயத்தில் மில் ஹவுஸையும் பார்க்க வேண்டும். 1964இல் அது தோற்றதால் அதன் தரம் குறைந்துவிடவில்லை. அதைவிடச் சிறந்த ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான். 1967இல் விட்பிரெட் கோல்டு கப்பை அது வென்றதும் அதைத்தான் காட்டியது.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பது அடுத்த ஆட்சேபம். ஆர்க்கிளோடு ஒரே லாயத்தில் வளர்ந்து, தேறாது என்று விற்கப்பட்ட ஃபொய்னவான் 1967 கிராண்ட் நேஷனலில் வென்றது இதற்கு நல்ல உதாரணம். 23ஆவது வேலியில் முன்னால் போன குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிச் சிக்க, பின்தங்கி வந்த அது இடைவெளி கண்டு தாண்டியது. ஒன்றுக்கு நூறு கொடுத்த குதிரை அது. ஆனால் அதிர்ஷ்டம் ஒரு பந்தயத்தைத் தீர்மானிக்கலாம். 26 பந்தயங்களில் 22 வெற்றியைத் தீர்மானிக்காது. நம் உச்ச நீதிமன்றமும் 1996இல் தமிழ்நாடு தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றே தீர்ப்பளித்தது. விழுந்ததிலும் வகை உண்டு: தானாகத் தடுமாறி விழுவது வேறு, முன்னால் விழுந்த குதிரை இடறி விழுவது வேறு. ஃபார்ம் வரிசையில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதே அதனால்தான். முதலாவது திரும்ப வரக்கூடிய குறை. இரண்டாவது அநேகமாக வெறும் விபத்து.

நான்காவது தோல்வி 1966 டிசம்பரில், கெம்ப்டன் மைதானத்தில். ஓட்டத்தின்போதே குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்தும், ஆர்க்கிள் 21 பவுண்டு கூடுதல் எடையோடு ஒரு லெங்த்தில் இரண்டாவதாக வந்தது. அதன்பிறகு அது ஓடவே இல்லை. வழுக்கல் திரும்பவில்லை, எடை, பந்தயத்தைப் பொறுத்து மாறியது, முறிந்த எலும்போ எல்லாவற்றையும் முடித்துவைத்தது. எனவே ஒரு குதிரையின் எதிர்காலத்தைக் கணிப்பவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இது எவ்வளவு வல்லது என்பதற்கு, காரணங்களைப் பிரித்துப் படித்தால் பழைய ஓட்டங்கள் பதில் சொல்லும். அந்த வல்லமை எத்தனை நாள் தாங்கும் என்பதற்குக் காலையும் குளம்பையும் வயதையும்தான் பார்க்க வேண்டும். அங்கேகூடக் கிடைப்பது வாய்ப்பே தவிர உறுதி அல்ல. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுபவர்கள்தான் உச்சத்தில் இருக்கும் குதிரையை வைத்து ஏமாந்துபோகிறார்கள்.