காற்றின் வேகத்தை அளக்க ஒரே கருவி போதாதா?

போதாது. ஏசி காற்று வரும் வாயில் வேகம் நொடிக்கு 2 மீட்டர் இருக்கலாம்; ஆலைப் புகைபோக்கியில் 15 மீட்டரைத் தொடலாம். அளக்கும் முனையை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ஏன்? ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரம்பு உண்டு. முதலில் பிட்டோ குழாய். 1732இல் பாரிஸின் சென் ஆற்றோட்டத்தை அளக்க ஆன்றி பிட்டோ பயன்படுத்திய உத்தி இது. எதிரே நீட்டிய துளையில் காற்று மோதி நிற்கும்போது அழுத்தம் கூடும். அந்தக் கூடுதல், வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். நொடிக்கு 10 மீட்டரில் சுமார் 60 பாஸ்கல். 1 மீட்டரிலோ வெறும் 0.6. இவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சாதாரண அழுத்தமானி பிரித்தறியாது. ஆனால் அசையும் பாகம் இல்லாததால் பிட்டோ குழாய் கடும் சூட்டையும் தாங்கும். தூசி மிகுந்த புகைபோக்கிக்கு அகன்ற துளைகள் கொண்ட எஸ் வகை உண்டு.

மெல்லிய காற்றுக்குச் சூட்டுக்கம்பி முனை. சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல, காற்று கம்பியைக் குளிர்விக்கும். கம்பியின் சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். கம்பியில் தூசி படிந்தால் அளவு பிசகும். தீப்பற்றும் வாயு உள்ள இடத்தில் சாதாரண சூட்டுக்கம்பியை நீட்டவே கூடாது.

ஏசி வாயின் முகப்பில் விசிறி முனை வசதி. 10 சென்டிமீட்டர் அகல விசிறி, அந்தப் பரப்பின் சராசரியையே தந்துவிடும். ஆனால் மிக மெல்லிய காற்றில் உராய்வை மீறிச் சுழலாது. குறுகிய குழாய்க்குள் நுழைத்தால் காற்றின் வழியையே மறிக்கும்.

எந்த முனையானாலும் குழாய்க்குள் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சுவரோரம் காற்று மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும். பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுப்பதே சரி.