பனியாறு ஈன்ற ஏரி

பனியாறு என்பது அசைவற்றுக் கிடக்கும் பனியன்று. தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருக்கு. நகர்கையில் அது பாறைகளை அரைத்து, கல்லும் மண்ணுமாகத் தன் முகப்பில் குவிக்கிறது. அக்குவியலை மொரேன் என்பர். வெம்மை மிகுந்து பனியாறு பின்வாங்கும்போது, இடைப்பட்ட பள்ளத்தில் உருகிய நீர் தேங்கி ஏரியாகிறது.

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வெண்மலைத் தொடரில், ஏறத்தாழ 4,560 மீட்டர் உயரத்திலுள்ள பால்காகோச்சா இவ்வாறு பிறந்ததே. 'கோச்சா' என்றால் கெச்சுவா மொழியில் ஏரி.

இந்த ஏரியின் கரை மனிதர் கட்டியதன்று. 1941-இல் அது மதகும் கலிங்கும் வைத்து இறுக்கப்பட்டிருக்கவும் இல்லை. மேலிருந்து பெரும் பனிப்பாளம் விழுமாயின், எழும் அலை கரையைத் தாண்டும். தாண்டும் நீர் தளர்ந்த மண்ணை அரிக்கும். அரித்த வாய் அகல அகல, மேலும் நீர் பாயும். 1941 டிசம்பர் 13-ஆம் நாள் காலையில் பால்காகோச்சாவின் கரை உடைந்தது. வழியில் இருந்த ஜிர்காகோச்சா ஏரியையும் அவ்வெள்ளம் உடைத்தது. சேறும் பாறையுமாகப் பாய்ந்து, பள்ளத்தாக்கின் கீழே இருந்த உவாராஸ் நகரின் மூன்றில் ஒரு பகுதியை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1951-இல் அரசு, அம்மலைத்தொடரின் ஏரிகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைத்தது. 1974-இல் பால்காகோச்சாவில் காப்பணைகளும் வடிகாலும் அமைந்தன. அப்போது ஏரியில் இருந்த நீர் சுமார் 5 லட்சம் கன மீட்டரே. பனியாறு மேலும் பின்வாங்கவே பள்ளம் நீண்டது. 2009-இல் அளந்தபோது நீர் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டரைக் கடந்திருந்தது! ஆகவே 2011 முதல் சைபன் குழாய்களால் நீரை வெளியேற்றினர்.

வெள்ளம் பாய்ந்த இடத்திலேயே மக்கள் மீண்டும் வீடு கட்டினர். இதனை அறியாமை என்று நான் கூறமாட்டேன். உறவும் தொழிலும் உள்ள மண்ணை விட்டுப் பெயர்வது எளிதன்று.

புவி வெப்பம் உயர்வதற்குக் காரணமான புகையை வெளியிட்டோரும் காப்புச் செலவில் பங்கேற்க வேண்டும் என, உவாராஸ் உழவர் ஒருவர் ஜெர்மனியின் மின்சாரக் கம்பெனி ஒன்றின் மீது 2015-இல் வழக்குத் தொடுத்தார். அவர் வீட்டுக்கு நேரக்கூடிய ஆபத்து போதிய அளவு பெரிதன்று என்று 2025 மே மாதம் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. ஆயினும், இத்தகைய பொறுப்பு சட்டப்படி எழக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டது.

புவியியல் படிக்கும் நீங்கள், நிலப்படத்தில் ஓர் ஏரியின் நீலப் புள்ளியைக் கண்டால் அதன் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அதன் கரை எதனால் ஆனது, அதற்குக் கீழே வாழ்வோர் யாவர் என்றும் கேளுங்கள்.