கிணற்றடியில் கடல்

படூரிலிருந்து கிழக்கே சென்றால் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடும். அதைத் தாண்டினால் கோவளத்து மணல்; பிறகு வங்கக் கடல். கடலோர மணலில் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது எப்படி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. 1 லிட்டர் நன்னீரின் எடை 1000 கிராம். கடல்நீரோ சுமார் 1025 கிராம். இந்தச் சிறு வேறுபாடு செய்யும் வேலையைப் பாருங்கள்! கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே 10 சென்டிமீட்டர் குறைந்தாலோ, காலப்போக்கில் உப்புநீர் 4 மீட்டர் ஏறிவிடும்.

நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயுவால் பூமியில் தேங்கும் வெப்பத்தில், 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குத்தான் போகிறது. சூடான நீர் விரிகிறது. நிலத்துப் பனியும் உருகிச் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண்கூட இல்லையே என்கிறீர்களா? 40ஆல் பெருக்குங்கள்!

நன்னீர் மட்டமும் கூடவே உயர்ந்தால் கவலையில்லை. ஆனால் அதைத்தான் மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறோமே! இன்றைக்குக் கடலைவிட மோட்டாரே கிணற்றுக்குப் பெரிய பகை.

கார்த்திகையில் ஒரு தட்டு, சித்திரையில் ஒரு தட்டு கிணற்று நீரை வெயிலில் வற்ற விடுங்கள். எதில் உப்பு அதிகம் படிகிறது?